செத்தவனுக்குப் பூசிய சிவப்பு

வேகாஸுக்குப் பக்கத்துப் பாலைவனத்தில் இருக்கும் எங்கள் ஊரில் யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று எனக்குத் தெரியாமல் இருந்த நாட்கள் குறைவு. அதை ஊரார் ஒரு குறையாகத்தான் சொல்வார்கள். ஆனால் அணை கட்டி ஐம்பது வருடம் ஆனதைக் கொண்டாட வெண்டல் ஒரு கமிட்டி அமைத்து, வீடு வீடாகப் பழைய போட்டோக்களைச் சேகரித்து, மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகையில் நீள மேஜை போட்டு அவற்றைக் கொட்டியபோது, படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்வதற்கு ஆள் வேண்டியிருந்தது. அப்போது மட்டும் என் வாசலில் கார் வந்து நின்றது.

வெண்டல், அணையில் வேலை பார்த்த ஓர் இன்ஜினியரின் மகன். இந்த ஊரில் பிறந்தவன். நான்கு வயதிலேயே கழுத்தில் டை கட்டிக்கொண்டு தெருவில் போவான். இப்போது ஐம்பத்திரண்டு வயதாகிறது, டை மட்டும் நீண்டிருக்கிறது. பேங்க் வேலையை விட்டுவிட்டு ஊர்ச் சரித்திரத்தைக் கையில் எடுத்திருந்தான்.

நானும் பக்கத்து வீட்டு டெல்லாவும் காற்று வீசும் தண்ணீர் கூலருக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தோம். டெல்லாவுக்குக் கண் மங்கல். படத்தை மூக்குவரை கொண்டுபோவாள்.

"இது யாருடி, பூத்தொப்பி போட்டுக்கிட்டு?"

"மேபல். தொப்பி அவ தங்கச்சியோடது."

"பக்கத்துல நிக்கிறவன்?"

"அவனும் தங்கச்சியோடதுதான்."

வெண்டல் இருமிவிட்டு, 'மேபலும் குடும்பத்தினரும், 1933' என்று எழுதிக்கொண்டான்.

சுவரில் ஏற்கெனவே பாதி மாட்டியாகிவிட்டது. எல்லாம் அணை கட்டிய கம்பெனியின் போட்டோக்காரர் எடுத்தவை. கிரேன்கள், கான்கிரீட் வாளிகள், வெள்ளைச் சட்டை போட்ட இன்ஜினியர்கள். வெள்ளைச் சட்டையில் ஒரு துளி அழுக்கு இல்லை. பாலைவனத்தில் அணை தானாக முளைத்தது போல இருந்தது. நடுவில் எல்லாவற்றையும் விடப் பெரிதாக என் படம். 1934-இல் ஊர்வலத்துக்கு என்னை அணை ராணியாகத் தேர்ந்தெடுத்து, கிரேன் தூக்கும் கான்கிரீட் வாளிக்குள் நிற்கவைத்து எடுத்தது. அது நடுவில் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேறு இடத்தில் மாட்டினால் வெயில் பட்டு வெளுத்துவிடும் என்றுதான் சொன்னேன்.

இல்லாதது ஒன்றே ஒன்றுதான். இந்த ஊர் கட்டப்படுவதற்கு முன்னால், வேலை தேடி வந்த சனம் ஆற்றங்கரையில் கோணிப்பை, தகரம், கார்க் கதவு என்று கிடைத்ததை வைத்துக் குடிசை போட்டுக் கிடந்த காலத்துப் படம் ஒன்றுகூட இல்லை. அன்று அங்கே சோற்றுக்கே வழியில்லை, கேமராவுக்கு எங்கே போவது?

ஒரு செவ்வாய்க்கிழமை லியோட்டா கிராடக் ஷூ டப்பாவுடன் உள்ளே வந்தாள்.

லியோட்டாவுக்கு எழுபத்தாறு வயது. ஊர் எல்லைக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரம் சக்கரம் வைத்த ட்ரெய்லர் வீட்டில் இருப்பவள். ஊருக்குள் வீடு கம்பெனி ஆட்களுக்கு மட்டும்தான் என்றிருந்த காலத்தில் அவள் புருஷன் ஓரின் செத்துப்போனான். வேலை செய்கிறவனுக்கு வீடு, செத்தவன் பெண்டாட்டிக்கு ரோடு. அந்த ரோட்டிலேயே துணி துவைத்துக் கொடுத்து உட்கார்ந்தவள்தான். பிற்காலத்தில் யார் வேண்டுமானாலும் ஊருக்குள் வீடு வாங்கலாம் என்று ஆனபோதும், "அப்ப வேணாம்னீங்க, இப்ப எனக்கு வேணாம்" என்றுவிட்டாள்.

டப்பாவிலிருந்து பதினொரு படங்களை எடுத்து வரிசையாக வைத்தாள். கல்யாணத்துக்கு அவள் அண்ணன் கொடுத்த சின்னப் பெட்டிக் கேமராவில் அவளே எடுத்தவை. ஆற்றின் செம்மண் தண்ணீரைத் தெளியவிட்டுக் காத்திருக்கும் பெண்கள். ஈரப் போர்வையைச் சுற்றிக்கொண்டு நிழலில் கிடக்கும் குழந்தைகள். துணித்தொப்பியைத் தாரில் முக்கிக் காயவைத்துத் தலைக்கவசமாக மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டும் ஆண்கள். வெண்டல் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தான்.

"மிசஸ் கிராடக், இத்தன வருஷமா இத எங்க வெச்சிருந்தீங்க?"

"கட்டிலுக்கு அடில. நீ கேக்கல, நான் குடுக்கல." பன்னிரண்டாவது படத்தை எடுத்து மற்றவற்றின் மேல் வைத்தாள். "பதினொண்ணையும் எடுத்துக்கோ. ஆனா இதையும் மாட்டணும். வெளில வெக்கப்போறியே வெண்கலப் பலகை, அதுல ஓரின் பேரும் இருக்கணும்."

அந்தப் பலகை, அணை வேலையில் உயிர் விட்டவர்களின் பெயர்களைத் தாங்கி, கொட்டகைக்கு முன்னால் உள்ள பாறையில் பதியப் போவது. மூன்று வாரத்தில் வார்ப்புக்கு அனுப்பவேண்டும் என்று வெண்டல் நாள் குறித்திருந்தான்.

பன்னிரண்டாவது படத்தில் ஓரின் பலகைப் பெட்டிக்குள் படுத்திருந்தான். கை இரண்டும் மார்பின் மேல். சொந்த ஊரில் இருந்த அவன் அம்மாவுக்கு அனுப்ப எடுத்ததில் ஒரு பிரதி. படம் நிறம் பூசியது. முகம், இப்போதுதான் ஓடி வந்து படுத்தவன் போல ரோஜா நிறத்தில் இருந்தது.

வெண்டல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சங்கடமான காரியம் என்றால் அவன் கண்ணாடியைத்தான் துடைப்பான்.

"உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா கம்பெனி ஆஸ்பத்திரி ரிஜிஸ்தர்ல நிமோனியான்னு போட்டிருக்கு. பலகைல வேலை செய்யும்போது எறந்தவங்க பேரு மட்டும்தான் வரும்."

"காலைல ஆறு மணிக்கு ஒரு சட்டி பீன்ஸ முழுசாத் தின்னுட்டு விசில் அடிச்சுக்கிட்டுப் போனவன். மத்தியானம் ரெண்டு மணிக்கு லாரில படுக்க வெச்சுக் கொண்டாந்தாங்க. எட்டு மணி நேரத்துல ஆள முடிக்கிற நிமோனியாவ நீ எங்க பாத்த? ஆத்தத் திருப்பிவிடத் தோண்டின சுரங்கத்துக்குள்ள லாரிய ஓட்டி ஓட்டிப் புகைய அடைச்சாங்க. அத மூச்சுல இழுத்துத்தான் போனான். அந்தப் புகைல செத்தவன் வெளுக்க மாட்டான், செவப்பான். மொகத்தப் பாரு."

"அந்தக் காலத்துல ஸ்டுடியோல எல்லாருக்கும் கன்னத்துல ரோஸ் பூசுவாங்க மிசஸ் கிராடக். நாய்க்குட்டிக்குக்கூடப் பூசியிருக்காங்க. இதப் பூசினதே நம்ம மிசஸ் பிக்கெட்தானே?" என்று என் பக்கம் கையைக் காட்டினான். "சர்ச் விருந்துல எத்தன தரம் சொல்லியிருக்காங்க! 'மாமியாக்காரி பாத்துப் பயந்துடக் கூடாதேன்னு நான்தான் பாவம் பாத்துக் கொஞ்சம் ரோஸ் போட்டு விட்டேன்'னு."

லியோட்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேபலின் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெல்லா என் முழங்கையில் இடித்தாள். வெர்லாவாகிய என்னைப் பேச்சு வராமல் அவள் அதுவரை பார்த்ததில்லை.

லியோட்டா பன்னிரண்டு படங்களையும் டப்பாவில் அடுக்கினாள், மூடினாள், போய்விட்டாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1931-இல் எனக்குப் பதினெட்டு வயது. கான்ஸ் என்பவரின் ஸ்டுடியோவில் படங்களுக்கு நிறம் பூசும் வேலை. குச்சியில் பஞ்சைச் சுற்றி, எண்ணெய் நிறத்தைத் தொட்டு, கன்னத்தில் வட்டமாக ஒரு தேய்ப்பு. உயிரோடிருக்கும் எல்லோருக்கும் ரோஸ் உண்டு, செத்தவர்களுக்கு எதுவும் கிடையாது. அது கான்ஸ் வைத்த சட்டம். ஓரினைப் புதைத்த மூன்றாம் நாள், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து லியோட்டா பின்கதவு வழியாக வந்தாள். "நான் கழுவினப்ப எப்பிடி இருந்தானோ அப்பிடிப் போடு" என்றாள். என் தோளுக்குப் பின்னால் நின்று அவள் சொல்லச் சொல்லப் பூசினேன். கலவையை இரண்டு தரம் போதாது என்று சொல்லித் திருப்பினாள்.

படத்தைப் பார்த்தவர்கள், "அடேயப்பா, தூங்குற மாதிரியே பண்ணிட்டியே, உனக்கு எவ்வளவு நல்ல மனசு" என்றார்கள். பதினெட்டு வயதில் அப்படி ஒரு வார்த்தை கேட்டால் வேண்டாம் என்று சொல்லத் தோன்றுமா? முதல் தடவை சும்மா இருந்தேன். இரண்டாம் தடவை தலையாட்டினேன். பிறகு நானே சொல்ல ஆரம்பித்தேன். ஐம்பது வருடமாகச் சொன்ன கதை எனக்கே உண்மையாகிப் போயிருந்தது. ஒரு பெண் கொண்டுவந்த ஒரே சாட்சியை நான் என் நல்ல மனசுக்கு விளம்பரமாக ஆக்கியிருந்தேன்.

மறுநாள் மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுடும் 'பை' என்ற பலகாரத்தை ஒரு தட்டு நிறையச் செய்து எடுத்துக்கொண்டு ட்ரெய்லருக்குப் போனேன். தப்பு செய்தால் எங்கள் ஊரில் 'பை' சுடுவது வழக்கம். லியோட்டா வலைக்கதவைத் திறக்கவில்லை.

"கீழ வெச்சிட்டுப் போ. எறும்பாச்சும் திங்கட்டும்."

"லியோட்டா, தெரியாம..."

"தெரியாமலா? ஏண்டி வெர்லா, உனக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒரு பூனை குட்டி போட்டிருக்கா?"

நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

வலைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "மூணு வாளித் தண்ணி. மண்ணு இறங்க விட்டு, துணில வடிகட்டி, நான்தான் கழுவினேன். மொகம் வெளுக்கவே இல்ல. ஒதடு, காது, நகம் எல்லாம் செக்கச்செவேல்னு. உசுரு இருக்குன்னு நெனச்சு ஓங்கி அறைஞ்சேன்டி. செத்த புருஷனக் கன்னத்துல அறைஞ்சவ நான். அதப் போய் நீ பாவம் பாத்துப் பூசினேன்னு கேக் திங்கற எடத்துல சொல்லியிருக்க."

"பொய்தான் சொன்னேன்" என்றேன். இந்த வார்த்தையை நான் வாழ்க்கையில் அதிகம் பயன்படுத்தியவள் அல்ல. வாயில் புதுப் பல் மாதிரி உறுத்தியது.

"எங்கிட்ட ஏன் சொல்ற? ஊர்ல சொன்னல்ல. ஊர்ல போய்ச் சொல்லு."

கதவு ஒரு சாண் திறந்தது. பன்னிரண்டாவது படம் வெளியே வந்தது. பலகாரத் தட்டு உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது.

வியாழக்கிழமை கமிட்டிக் கூட்டம். பதினைந்து பேர், காபி, கடையில் வாங்கிய டோனட். நான் எழுந்து, சர்ச் விருந்தில் சொன்னது பொய், லியோட்டா நின்று சொன்னபடிதான் பூசினேன் என்றேன். டெல்லாவின் டோனட் கையிலேயே நின்றது.

வெண்டல் கண்ணாடியைத் துடைத்தான். "மிசஸ் பிக்கெட், உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. எத நாங்க நம்பறது?"

"என்ன நம்ப வேணாம். பூதக்கண்ணாடிய எடு."

மேஜையில் கிடந்த குவியலில் கான்ஸ் ஸ்டுடியோ முத்திரை போட்ட சவப்பெட்டிப் படங்கள் ஆறு இருந்தன. ஆறையும் பரப்பினேன். ஆறும் சாம்பல் நிறம். ஒன்றில்கூட ஒரு பொட்டு ரோஸ் இல்லை. பிறகு உயிரோடிருந்தவர்கள் படங்கள்: கன்னத்தில் இரண்டு வட்டம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஓரினை வைத்தேன்.

"காதப் பாரு. கழுத்தப் பாரு. கைவிரல் நகத்தப் பாரு, பத்தும் செவப்பு. பாவம் பாத்துப் பூசறவ கன்னத்துல பூசுவா வெண்டல். செத்தவனுக்கு எவளாச்சும் நகப்பூச்சு போடுவாளா?"

அவன் நெடுநேரம் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் மாறித்தான் இருந்தது. ஒரு நிமிடம் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். ஆனால் பேங்கில் முப்பது வருடம் இருந்தவன், கையெழுத்து இல்லாத காகிதத்துக்கு எதையும் கொடுத்ததில்லை.

"எனக்குத் தோணறது வேற, கமிட்டி செய்ய முடியறது வேற. ரிஜிஸ்தர்ல இருக்கறத ஒரு நகத்த வெச்சு மாத்த முடியாது. இவருக்கு மாத்தினா, நிமோனியான்னு எழுதின எல்லாரோட வீட்டுலேருந்தும் வருவாங்க."

"வரட்டுமே" என்றாள் டெல்லா, வாயில் டோனட்டுடன்.

"முடிவு அதுதாங்க."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். எழுபத்திரண்டு வயதில் ஸ்டூல் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நடுச் சுவரிலிருந்து என் படத்தை, வாளிக்குள் இடுப்பு ஒடியாமல் நின்ற அந்தப் பதினெட்டு அங்குல இடுப்பழகியை, ஆணியிலிருந்து கழற்றினேன். கொஞ்சம் வலித்தது. முட்டி அல்ல.

"என்ன பண்றீங்க?"

"இது என் படம். நான் எடுத்துட்டுப் போறேன்."

"என்னோடதும் இருக்குடி அங்க" என்று டெல்லா எழுந்தாள். "எதுன்னு தெரியல. நீயே எடுத்துக் குடு."

மற்றப் பெண்களும் எழுந்தார்கள். 1931 ஆகஸ்டில் எங்கள் ஆண்கள் வேலைநிறுத்தம் செய்து, பத்து நாள் தாங்காமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். பின்னால் என் புருஷனான ராய்ஸ் மூன்றாம் நாளே திரும்பிவிட்டான். அதை நான் எந்த விருந்திலும் சொன்னதில்லை. இந்தப் பெண்கள் யாரும் திரும்பவில்லை. அரை மணியில் சுவரில் கிரேன்களும் வெள்ளைச் சட்டைகளும் மட்டும் மிச்சம் இருந்தன.

பலகை ஓரின் பெயர் இல்லாமலே வார்ப்புக்குப் போய், வந்து, பாறையில் ஏறியது.

திறப்பு விழா செப்டம்பரில், காலை பதினோரு மணிக்கு. பாறைக்கு முன்னால் கம்பி கட்டி நீலத் திரை தொங்கவிட்டிருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலிகள், வேகாஸிலிருந்து வந்த பெரிய மனிதர்கள், பள்ளிக்கூட பேண்டு. பிறகு சேர்ந்தவர்களோடு நாங்கள் பதினேழு பெண்கள் ஆளுக்கொரு படத்தை மார்பில் பிடித்துக்கொண்டு திரைக்கு முன்னால் வரிசையாக நின்றோம். லியோட்டா தன் பதினொரு படங்களையும் எங்களில் பதினொரு பேருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தாள்; மற்றவர்கள் கையில் சுவரிலிருந்து கழற்றிய சொந்தப் படம். ஓரின் என் கழுத்தில் கயிற்றில் தொங்கினான். யாரும் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. விருந்தினர்கள் நாங்களும் விழாவில் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். ஒருவர் என்னைப் படம்கூட எடுத்தார்.

லியோட்டா வரிசையில் இல்லை. அவள் ஒரு சுத்தியலும் ஒரு இரும்பு உளியும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பாறையைச் சுற்றிப் போய்த் திரைக்குப் பின்னால் நுழைந்திருந்தாள்.

பேண்டு வாசிக்கும்வரை கவலையில்லை. உள்ளே டக் டக் என்று அடிப்பது டிரம் சத்தத்தோடு போய்விட்டது. பிறகு பேண்டு நின்றது.

டக்.

முன்வரிசையில் ஒரு சீமாட்டி தலையைச் சாய்த்தாள். "என்ன சத்தம்?"

"என்ன படமுன்னா கேக்கறீங்க?" என்றேன், தெருக்கோடிவரை கேட்கும் குரலில். "வாங்க, வாங்க! இவரு ஓரின் கிராடக்! காலைல பீன்ஸ் தின்னவரு, மத்தியானம் செத்தவரு! நிமோனியாவாம்! நகத்தப் பாருங்கம்மா, நல்லாக் கிட்ட வந்து பாருங்க! நான்தான் பூசினேன், அம்பது வருஷமா இதப் பத்திப் பொய் சொன்னவளும் நான்தான்!"

டக். டக்.

ஆட்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்கள். டெல்லா தன் கையில் இருந்த படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அதில் இருப்பவர்கள் ஆற்றுத் தண்ணீரைக் குடித்து எத்தனை நாள் வயிற்றால் போனார்கள் என்று விவரித்தாள். மைக்கில் ஒருவர் தேசத்தின் பெருமை என்று ஏதோ சொன்னார். கேட்க ஆள் இல்லை. நான் ஒரு நொடி மூச்சு வாங்கினாலும் பின்னால் டக் கேட்டது, அதனால் மூச்சு வாங்காமல் பேசினேன். அதற்காகவே பிறந்தவள் மாதிரிப் பேசினேன்.

வெண்டல் வியர்வையோடு வரிசையைப் பிளந்துகொண்டு வந்து கயிற்றை இழுத்தான். திரை சரசரவென்று விலகியது.

லியோட்டா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வெண்கலப் பலகையின் அடியில், அழகாக வார்த்த பெயர்களுக்குக் கீழே, புள்ளி புள்ளியாக அடித்த எழுத்தில் ஓரின் என்று முழுசாக இருந்தது. கிராடக் பாதியில் நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். முந்நூறு பேர் அவளைப் பார்த்தார்கள்.

"இருங்க. இன்னும் முடியல" என்றாள்.

திரும்பிக்கொண்டு அடுத்த புள்ளியை அடித்தாள். பேண்டுப் பிள்ளைகள் ஊதுகுழலைக் கீழே இறக்கினார்கள். போலீஸ்காரர் ஒருவர் இரண்டடி எடுத்து வைத்தார். எங்கள் வரிசை அவருக்கும் அவளுக்கும் நடுவில் நகர்ந்து நின்றது. அவர் வெண்டலைப் பார்த்தார். வெண்டல் தலையை லேசாக ஆட்டினான். வேண்டாம் என்றானா, வேண்டும் என்றானா என்று இன்றுவரை எங்களுக்குள் சண்டை. போலீஸ்காரர் நின்றுவிட்டார்.

வெண்டல் லியோட்டாவுக்குப் பக்கத்தில் போய்ப் பலகையைக் குனிந்து பார்த்தான். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"எழுத்தெல்லாம் கோணலா இருக்கே, மிசஸ் கிராடக்" என்றான்.

"நேரா இருக்கணும்னா நீ எழுதியிருக்கலாம். மூணு வாரம் இருந்துச்சு உனக்கு." அவள் உளியை நகர்த்தி வைத்தாள். "தள்ளு. நெழல் விழுது."

அவன் தள்ளி நின்றான்.